வாகன மேடை: பழைய ஸ்போர்ட்டி கார், எதை வாங்கலாம், எங்கே உஷார்?

சின்ன கார், நல்ல பிக்கப், கையில் 4 முதல் 6 லட்சம் ரூபாய். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதையே சுற்றி வருகின்றன. அதனால் இந்த இதழின் பதில்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்துக்கே.

? மாதச் சம்பளக்காரன். தினமும் 30 கி.மீ. ஓட்டம், மாதம் ஒருமுறை ஏற்காடு அல்லது கொடைக்கானல். 5 லட்சத்துக்குள் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, மாருதி பலேனோ ஆர்எஸ், ஸ்விஃப்ட் மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்?
- வாசகர், ஈரோடு

முதலில் 5 லட்சத்தை இரண்டாகப் பிரியுங்கள். வண்டிக்கு 4 லட்சத்து 20 ஆயிரம், மிச்சம் 80 ஆயிரம் முதல் ஆறு மாதச் செலவுக்கு. பழைய டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) வண்டி எடுத்தவர்கள் திணறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது தொகையை ஒதுக்காததால்தான். நான்கு டயர், பேட்டரி, ஆயில், ஃபில்டர்கள், ஸ்பார்க் பிளக், கூலன்ட், பிரேக் ஆயில், முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் ரப்பர்) என்று வந்தாலே 50 ஆயிரத்தைத் தொட்டுவிடும். 195/55 ஆர்16 அளவு டயர் ஒன்றுக்கே 6,000 முதல் 8,000 ரூபாய் ஆகும்.

இப்போது மூன்று வண்டிகளுக்கு வருவோம். போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2 லிட்டர் டர்போ, 105 பி.எஸ். (குதிரைசக்தி), 175 என்.எம். டார்க் (இழுவிசை). மூன்றிலும் நெடுஞ்சாலையில் நிலையாக நிற்பது இதுதான். கதவைச் சாத்தும்போதே பாடியின் கனம் தெரியும். ஆனால் இது மேனுவல் கியரில் வரவில்லை, 7 கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) மட்டும்தான். அந்தக் கியர்பாக்ஸ் பற்றி அடுத்த கேள்வியில் விரிவாக இருக்கிறது. அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பலேனோ ஆர்எஸ் 2017-இல் வந்து 2020 தொடக்கத்தில் நின்றுபோனது. 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் பூஸ்டர்ஜெட் டர்போ, 102 பி.எஸ்., 150 என்.எம்., எடை 950 கிலோ. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், 5 கியர் மேனுவல். எண்களைப் பார்த்தால் போலோவுக்குக் கீழே தெரியும், ஆனால் சுமார் 150 கிலோ எடை குறைவு என்பதால் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் நன்றாக இழுக்கும். கொண்டை ஊசி வளைவிலிருந்து இரண்டாவது கியரில் வெளியே வரும்போது இந்த எடைக்குறைவு உங்களுக்குப் பிடிக்கும். ஸ்டீயரிங் மட்டும் போலோ அளவுக்குச் சாலையைக் கைக்குச் சொல்லாது.

ஆர்எஸ்ஸில் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. 2016 அக்டோபர் 27 முதல் 2019 நவம்பர் 1 வரை தயாரான 7,213 பலேனோ ஆர்எஸ் வண்டிகளை, பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப்பில் குறை இருக்கலாம் என்று 2023-இல் மாருதி திரும்ப அழைத்தது. பம்ப் பழுதானால் பிரேக் பெடலை வழக்கத்தைவிடப் பலமாக மிதிக்க வேண்டிவரும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்த வண்டிக்கு வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள். முடியவில்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே உரிமையாளரை முடித்துத் தரச் சொல்லுங்கள். மலை இறக்கத்தில் ஓட்டப் போகிறவர் இதில் சமரசம் செய்யக்கூடாது.

ஸ்விஃப்டில் 2018 பிப்ரவரிக்குப் பிறகு வந்த 1.2 பெட்ரோலைப் பாருங்கள். 83 பி.எஸ். தான். ஆனால் வண்டி 900 கிலோவுக்கும் குறைவு, எஞ்சின் மேலே மேலே சுற்றத் தயங்காது, உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். டர்போ இல்லை, இன்டர்கூலர் இல்லை, உயர் அழுத்த எரிபொருள் பம்ப் இல்லை. கெட்டுப்போக இடம் குறைவு.

எங்கள் தேர்வு: சர்வீஸ் பதிவேடு முழுதாக இருக்கும் பலேனோ ஆர்எஸ் கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் ஸ்விஃப்ட். கையில் இன்னும் ஒன்றரை லட்சம் சேர்ந்தால் 2020-க்குப் பிந்தைய போலோ 1.0 டிஎஸ்ஐ 6 கியர் மேனுவல் பார்க்கலாம். 110 பி.எஸ்., 175 என்.எம்.; மூன்று பெடலுடன் போலோவின் பாடி. போலோ 2022-இல் நின்றுவிட்டதால் நல்லவற்றின் விலை இறங்க மறுக்கிறது.

? சென்னையில் 2015 போலோ ஜிடி டிஎஸ்ஐ பார்த்தேன், 78,000 கி.மீ. நெரிசலில் ஊர்ந்து போகும்போது லேசாக உதறுகிறது. “டிஎஸ்ஜி எல்லாமே இப்படித்தான் சார்” என்கிறார் விற்பவர். உண்மையா?
- வாசகர், மடிப்பாக்கம்

உண்மையில்லை. நல்ல நிலையில் உள்ள டிஎஸ்ஜி ஊர்ந்து போகும்போது லேசாகத் தயங்கலாம், உதறாது. உதறினால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது அல்லது சூடேறிப் பளபளப்பாகிவிட்டது என்று பொருள்.

இந்த 7 கியர் பெட்டிக்குள் இரண்டு உலர் கிளட்ச் உண்டு. ஒன்று 1, 3, 5, 7-க்கும் மற்றொன்று 2, 4, 6, ரிவர்ஸ் கியர்களுக்கும். உலர் என்றால் ஆயிலில் மூழ்காதது. சூட்டை எடுத்துச் செல்ல காற்று மட்டுமே. பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் பிரேக்கைப் பாதி விட்டுப் பாதி பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்தினால், கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். தேய்வது அங்கேதான். இரண்டாவது பிரச்சினை மெகாட்ரானிக். ஆயில் அழுத்தத்தால் கிளட்சையும் கியரையும் இயக்கும் மின்னணுத் தொகுப்பு அது. அதில் அழுத்தத்தைச் சேமிக்கும் அக்யுமுலேட்டர் பொருந்தும் இடத்தில் விரிசல் விட்டு ஆயில் கசிந்தால் அழுத்தம் நிற்காது. கியர் காட்டும் எழுத்து மின்னும், வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

சோதிக்கும் முறை இது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். ‘டி’ போட்டு, லேசான ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் விடுங்கள். சீராக நகர வேண்டும். பிறகு அரை மணி நேரம் ஓட்டி, நன்றாகச் சூடான பின் அதே ஏற்றத்தில் மறுபடியும் செய்யுங்கள். குளிரில் சரியாக இருந்து சூட்டில் உதறும் வண்டிகள்தான் அதிகம். ‘டி’யிலிருந்து ‘ஆர்’ மாற்றும்போது ஒரு நொடிக்கு மேல் தாமதமோ ‘டொக்’ என்ற அடியோ கூடாது. வேகம் குறைந்து 3-லிருந்து 2, 2-லிருந்து 1 இறங்கும்போது முன்பக்கம் உந்தக்கூடாது. கடைசியாக ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் கியர்பாக்ஸ் பகுதியைத் தனியாகத் திறந்து, கிளட்ச் தேய்மான அளவையும் பதிவான பிழைகளையும் படிக்கச் சொல்லுங்கள். பிழைகளைப் படிக்கும் சாதாரண ஓபிடி கருவி எஞ்சினை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும்.

அப்படியே காலை முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடி ‘கரகர’ சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். இந்த எஞ்சினில் டைமிங் செயின். நீண்டுபோனால் அப்படித்தான் தொடங்கும்.

நீங்கள் பார்த்த வண்டிக்கு: கிளட்ச், மெகாட்ரானிக் இரண்டும் மாற்ற நேர்ந்தால் செலவு ஒரு லட்சத்தைத் தாராளமாகத் தாண்டும். அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சம்மதித்தால் பேசுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

? டாடா டியாகோ ஜேடிபி எங்கள் ஊர்க் கை பட்ட வண்டி என்பதால் ஆசை. உதிரிபாகம் கிடைக்குமா?
- வாசகர், கோவை

கோவை ஜெயம் நிறுவனமும் டாடாவும் சேர்ந்து செய்த வண்டி, 2018 அக்டோபரில் வந்தது. 1.2 டர்போ பெட்ரோல், 114 பி.எஸ்., 150 என்.எம்., 5 கியர் மேனுவல். பிஎஸ்6 புகை விதி வந்தபோது நிறுத்தப்பட்டது. எஞ்சினின் அடிப்படை டாடா நெக்ஸானில் உள்ள 1.2 டர்போ குடும்பமே என்பதால் ஃபில்டர், சென்சார், வாட்டர் பம்ப் போன்றவற்றுக்கு அலைய வேண்டியதில்லை.

சிக்கல் வெளிப்பக்கத்தில். காற்றுத் துளை உள்ள பானெட், முன் பம்பர், பக்கவாட்டு ஸ்கர்ட், அந்த வண்டிக்கே உரிய அலாய் வீல் ஆகியவை உடைந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது சாதாரண டியாகோ பம்பரை மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். ஆகவே ஜேடிபி பார்க்கும்போது எஞ்சினுக்கு முன் பாடியைப் பாருங்கள். பம்பரும் பானெட்டும் ஒரிஜினலாக, விரிசல் இல்லாமல் இருக்கும் வண்டிக்கு 20 ஆயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். சாதாரண டியாகோவுக்கு ஸ்டிக்கர் ஒட்டி ஜேடிபி என்று காட்டுபவர்களும் இருக்கலாம் என்பதால் ஆர்.சி.யில் மாடல் பெயரைப் படியுங்கள்.

? ஃபியட் புன்டோ அபார்த் 145 குதிரைசக்தி. விலையும் கைக்கு எட்டுகிறது. வாங்கலாமா?
- வாசகர், மதுரை

இந்தியாவில் இந்த விலைக்கு இவ்வளவு வேகம் வேறு எதிலும் இல்லை: 1.4 டி-ஜெட் டர்போ பெட்ரோல், 145 பி.எஸ்., 212 என்.எம்., நான்கு சக்கரத்திலும் டிஸ்க். ஸ்டீயரிங்கும் அற்புதம். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே கார் என்றால் வேண்டாம். ஃபியட் இந்தியாவை விட்டுப் போய்விட்டது. சஸ்பென்ஷன், விளக்கு, பாடி பாகங்களுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். இரண்டாவது கார் இருக்கிறது, ஃபியட் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறார் என்றால் மட்டும் எடுங்கள். எடுத்தவுடன் டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பழைய உரிமையாளர் “மாற்றியாச்சு” என்றால் பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

? டீசலில் பிக்கப் உள்ள சின்ன வண்டி எது? மாதம் 2,500 கி.மீ. ஓட்டம்.
- வாசகர், திருநெல்வேலி

2015-க்குப் பிறகு வந்த ஃபோர்டு ஃபிகோ 1.5 டிடிசிஐ. 100 பி.எஸ்., 215 என்.எம்., வண்டி ஒரு டன் சொச்சம். நான்காவது கியரில் 60-இலிருந்து 100-க்குப் போவதைப் பார்த்தால் வாங்கிய விலை மறந்துபோகும். கெட்டியான சஸ்பென்ஷனும் அகலமான டயரும் கொண்ட ‘எஸ்’ வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

2021 செப்டம்பரில் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அதனால்தான் விலை குறைவு. சர்வீஸ் தொடர்கிறது, வழக்கமாக மாற்றும் பாகங்கள் கிடைக்கின்றன. பார்க்க வேண்டியவை: டைமிங் பெல்ட் மாற்றிய பதிவு, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆர் வால்வில் கரி அடைப்பு (அடைத்திருந்தால் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே மந்தம், மிதித்தால் கரும்புகை), இன்டர்கூலர் குழாய் இணைப்புகளில் ஆயில் ஈரம், கரடுமுரடான சாலையில் முன்பக்கம் ‘கடகட’. கடைசியில் சொன்னது பெரும்பாலும் லிங்க் ராடு அல்லது புஷ், சில ஆயிரங்களில் முடியும். அதே ஃபிகோவில் 1.5 பெட்ரோல் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.

? “சிங்கிள் ஓனர், 41,000 கி.மீ. தான்” என்கிறார்கள். மீட்டரைக் குறைத்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், கும்பகோணம்

மீட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. 2017 வண்டி, 41,000 கி.மீ. என்றால் நான்கும் பெரும்பாலும் கம்பெனியிலிருந்து வந்த டயராக இருக்க வேண்டும். 2022 டயர் இருந்தால், முதல் செட் எப்போது, ஏன் தேய்ந்தது என்று கேளுங்கள்.

கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரின் ஓரம் வழவழவென்று இருக்கிறதா, ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரத் திண்டு அமுங்கி நூல் தெரிகிறதா, ஸ்டீயரிங்கில் பத்து மணி இடத்தில் தோல் மினுங்குகிறதா? இவை 90,000 கி.மீ.யின் அடையாளம். பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகம்தான்.

உறுதியான ஆதாரம் சர்வீஸ் பதிவு. உரிமையாளரை உடன் அழைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய் ஒவ்வொரு வருகையிலும் பதிவான கி.மீ.யைக் கேளுங்கள். பதிவு 2019-இல் 38,000-இல் நின்று, அதன்பின் “வெளியே பார்த்தோம்” என்றால் கதை புரிந்துவிடும்.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொன்று, நடப்பு இன்சூரன்ஸ் பாலிசி. அதில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி) சதவீதம் இருக்கும். கிளெய்மே இல்லாமல் ஒரே உரிமையாளரிடம் இருந்த வண்டிக்கு அது 20, 25, 35, 45 என ஏறி, 50-இல் நிற்கும். ஏழு வயது வண்டிக்கு 0 என்றிருந்தால் அண்மையில் விபத்துக் கிளெய்ம் நடந்திருக்கலாம், அல்லது பாலிசி இடையில் விட்டுப்போயிருக்கலாம். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

? விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்குமோ?
- வாசகர், தாம்பரம்

சந்தேகம் சரியே. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, நெல்லையிலும் நின்ற வண்டிகள் துடைத்து, பாலிஷ் போட்டு, வேறு மாவட்டங்களுக்குப் போயிருக்கின்றன.

முன் சீட் பெல்ட்டை மெதுவாக, அது முடியும் வரை வெளியே இழுங்கள். வழக்கமாக அந்தக் கடைசி ஒரு முழம் உள்ளேயே சுருண்டிருக்கும், கழுவுபவர் கை அங்கே போவதில்லை. மூழ்கிய வண்டியில் அந்தப் பகுதியில் காவி நிறத்தில் ஒரு கோடு, நாடா விறைப்பு, முகர்ந்தால் சேற்று வாடை இருக்கும். அடுத்து இருக்கையை முழுதாகப் பின்னால் தள்ளி, அது நகரும் தண்டவாளத்தின் போல்ட்களை டார்ச் அடித்துப் பாருங்கள். நிழலில் நின்ற வண்டியின் அந்த போல்ட் துருப்பிடிக்கக் காரணமில்லை. ஸ்டெப்னி குழியில் மணல், ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, ஃபியூஸ் பெட்டியில் பச்சைக் களிம்பு, இவற்றில் ஒன்று கண்டாலும் போதும். ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி கியர் லீவருக்கு அடியில், தரையோடு இருப்பது. அதற்குள் தண்ணீர் போன வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். விபத்தில் பை விரியுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

? ரீமேப் செய்து (சக்தியைக் கூட்ட எஞ்சின் மென்பொருளை மாற்றி), எக்ஸாஸ்ட் மாற்றிய போலோ கிடைக்கிறது. கூடுதல் சக்தி இலவசமாக வருகிறதே?
- வாசகர், சேலம்

இலவசமில்லை. டார்க் 30, 40 என்.எம். கூடினால் அதைத் தாங்க வேண்டியது அதே கிளட்ச், அதே டர்போ, அதே எஞ்சின் மவுண்ட்.

கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க, ஆளில்லாத நேர்ச் சாலையில் நான்காவது கியரில் 45 கி.மீ. வேகத்தில் போய் முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் முடிந்தது. இது மேனுவலுக்கு. டர்போவுக்கு, நன்றாக ஓட்டி நிறுத்தி இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டுப் பின் ஒருமுறை மிதியுங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. பிரேக் டிஸ்க்கில் நீலச் சாயலும் முடியளவு வெடிப்புகளும் தெரிந்தால் வண்டி கடுமையாக விரட்டப்பட்டிருக்கிறது.

சட்டப் பக்கமும் உண்டு. நிறுவனம் கொடுத்த அமைப்பை மாற்றி, ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டி இருக்கக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் கிளெய்மை மறுக்கலாம். எடுப்பதாக இருந்தால், ஒரிஜினல் எக்ஸாஸ்டும் ஸ்பிரிங்கும் கையோடு தருகிறார்களா என்று கேட்டு, பழையபடி மாட்டிய பின் ஓட்டிப் பாருங்கள். வேகம் பார்க்கும் ஆசைக்கு இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை அதற்கான இடமில்லை.

? டெல்லி வண்டி ஒரு லட்சம் குறைவாக வருகிறது. லாபமா?
- வாசகர், வேலூர்

தலைநகர் பகுதியில் 10 வயது தாண்டிய டீசலுக்கும் 15 வயது தாண்டிய பெட்ரோலுக்கும் கட்டுப்பாடு வந்ததிலிருந்து அங்கிருந்து தள்ளிவிடும் வண்டிகள் இவை. என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று, படிவம் 28), இங்கே மறுபதிவு, வாழ்நாள் வரி, கொண்டுவரும் செலவு எல்லாம் கூட்டினால் அந்த ஒரு லட்சத்தில் பெரும்பகுதி கரையும். என்.ஓ.சி. கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். வெளிமாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்கியே ஆக வேண்டும்.

? 2016 டர்போ வண்டிக்கு இப்போது பங்கில் வரும் எத்தனால் 20 சதவீத பெட்ரோல் ஒத்துவருமா?
- வாசகர், நாமக்கல்

அந்த வண்டி அதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. ஓடும், மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும்தான் கவலை. எரிபொருள் குழாய் இணைப்புகளில் ஈரமோ பெட்ரோல் வாடையோ இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

? வண்டி பிடித்துவிட்டது. பணம் கொடுக்கும்போது எந்தெந்தத் தாள்கள்?
- வாசகர், தஞ்சாவூர்

படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து. வண்டிமேல் கடன் இருந்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி., படிவம் 35. பரிவாஹன் தளத்தில் எண்ணைப் போட்டு, கடன் பதிவு நீங்கிவிட்டதா, அபராதம் நிலுவை உண்டா என்று பாருங்கள். சேஸிஸ் எண்ணை வண்டியில் நேரில் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், எண்ணைச் சுற்றி வெல்டிங் தடமோ புதுப் பெயின்டோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்குபவருக்கு 30 நாள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அதுவரை உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கிளெய்ம் சிக்கலாகும். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, வண்டியோடு வராது. அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டிவரும். இரண்டு சாவியும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது சாவி இல்லையென்றால், புதிய சாவி கோடிங் செய்ய ஆகும் தொகையை சர்வீஸ் சென்டரில் கேட்டு விலையில் கழியுங்கள்.